கணக்கு எண் மாறிவிட்டதாம்

செப்டம்பர் 17, 2025, புதன்

வருமான வரி ரிட்டர்ன் கெடு நேற்றோடு முடிந்தது. இன்று காலையே கட்டிங் மாஸ்டர் போனை நீட்டிக்கொண்டு வந்தார். “தம்பி, ரீஃபண்டு வந்துருச்சு போலிருக்குங்க.” வந்திருந்தது ஒரு மெயில். அனுப்பியவர் பெயர் ‘இன்கம் டாக்ஸ் டிபார்ட்மெண்ட்’. பெயரின் மேல் விரலை வைத்ததும் பின்னால் இருந்த முகவரி தெரிந்தது. துறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதில் இருந்த லிங்க் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது. துறையின் உண்மையான முகவரியையே முன்னால் போட்டு, அதன் வாலில் வேறொரு பெயரை ஒட்டியிருந்தார்கள். மாஸ்டருக்கு இப்படிச் சொன்னேன்: கடை போர்டில் ‘திருப்பூர் ரோடு, பல்லடம்’ என்று இருந்தால் கடை பல்லடத்தில்தானே இருக்கிறது? இங்கும் அதே கதைதான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக எது நிற்கிறதோ அதுதான் சொந்தக்காரர். பூட்டு அடையாளம் இருக்கிறதே என்றார். அது இப்போது இலவசமாகவே கிடைக்கிறது, திருடனும் வாங்கி மாட்டிக்கொள்வான்.

ரீஃபண்ட், துறையின் போர்ட்டலில் நாம் ஏற்கெனவே சரிபார்த்து வைத்த கணக்குக்குத்தான் வரும். அதற்கு அந்த லிங்க் கேட்கும் ஏடிஎம் கார்டு எண் எதற்கு?

செப்டம்பர் 22, திங்கள்

இன்று வந்தது வேறு ரகம். நிட்டிங் மிஷினுக்கு இத்தாலியிலிருந்து சிலிண்டர் வாங்குகிறோம், அட்வான்ஸ் போக வேண்டும். ‘எங்கள் கணக்கு ஆடிட்டில் இருக்கிறது, இந்த முறை கீழே உள்ள கணக்குக்கு அனுப்புங்கள்’ என்று மெயில். பழைய கடிதப் போக்குவரத்து முழுவதும் கீழே தொங்குகிறது. இன்வாய்ஸ் எண் சரி, தொகை சரி, கையெழுத்துப் பகுதி அப்படியே. எழுத்துப்பிழையை வைத்துப் பிடிக்கலாம் என்பதெல்லாம் பழைய காலம்.

உறுத்தியது ஐபேன் எண், அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண். அதில் முதல் இரண்டு எழுத்து நாட்டைக் குறிக்கும். இத்தாலிக் கணக்கு ‘ஐடி’ என்று தொடங்கும், இது ‘ஹெச்யு’, அதாவது ஹங்கேரி. அப்புறம்தான் அனுப்பியவர் முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘எம்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. சின்ன எழுத்தில் வித்தியாசமே தெரியாது.

“வருஷக்கணக்கா சப்ளை பண்றவங்க, இதுல என்னப்பா சந்தேகம்? பேங்க் நேரம் முடியறதுக்குள்ள போட்டு விடு” என்றார் முதலாளி. மெயிலில் இருந்த போன் எண்ணுக்குக் கூப்பிட்டால் எடுப்பவனும் அந்த மோசடிக்காரனின் ஆளாகத்தான் இருப்பான். பழைய பில்லில் இருந்த எண்ணை எடுத்துக்கொண்டேன். இத்தாலி இப்போது நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். அங்கே ஆபீஸ் திறக்கும் வரை முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் தவிர்ப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது.

கணக்கு எதுவும் மாறவில்லையாம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மெயிலின் மூல வடிவத்தைத் திறந்து பார்த்தேன். அனுப்பியவரைச் சரிபார்க்கும் சோதனைகளான எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுமே ‘பாஸ்’. எதிர்பார்த்ததுதான். அந்த டொமைனிலிருந்துதான் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) மெயில் புறப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. டொமைனே போலியாக வாங்கியதென்றால் பாஸ் ஆகத்தானே செய்யும்? பதிவு விவரத்தைப் பார்த்தால், வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, இன்வாய்ஸ் எண் அவனுக்கு எப்படித் தெரிந்தது? விடை எங்கள் பர்ச்சேஸ் பிரிவின் பொது மெயில் பெட்டியில் இருந்தது. பாதி ஆபீசுக்குத் தெரிந்த பாஸ்வேர்டு. அதில் யாரும் போடாத ஒரு ஃபில்டர்: இத்தாலிக்காரர்களின் மெயில் வந்தால் வெளியே ஒரு முகவரிக்கு நகல் போகும். ‘கூரியர் ரசீது’ என்ற பெயரில் வந்த ஒரு ஹெச்டிஎம்எல் கோப்பும் (வலைப்பக்கமாகத் திறப்பது) கிடந்தது. திறந்தால் மெயில் லாகின் பக்கம் போலவே ஒன்று பாஸ்வேர்டு கேட்கும். யாரோ கொடுத்திருக்கிறார்கள். யார் என்று விசாரணை வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த முறை யாரும் வாயே திறக்க மாட்டார்கள்.

பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் ஃபில்டர் அப்படியே இருக்கும். அதனால் முதலில் ஃபில்டரை அழித்து, எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேற்றி, புது பாஸ்வேர்டு போட்டு, பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பும் வைத்தாயிற்று. இனி ஆளுக்கொரு கணக்கு.

செப்டம்பர் 25, வியாழன்

முதலாளி இன்னும் ஆறவில்லை. லித்துவேனியாக்காரர் எவால்டாஸ் ரிமாசவ்ஸ்காஸின் கதையைச் சொன்னேன். 2013 முதல் 2015 வரை, தைவானின் குவாண்டா கம்பெனி பெயரில் போலி இன்வாய்ஸ் அனுப்பியே கூகிளிடமும் ஃபேஸ்புக்கிடமும் 10 கோடி டாலருக்கு மேல் கறந்தவர். 2019இல் நியூயார்க்கில் ஐந்து வருடம் சிறைத் தண்டனை. “கூகிள்காரனுக்கேவா!” என்று அவர் முகத்தில் வந்த மலர்ச்சி இருக்கிறதே!

அக்டோபர் 6, திங்கள்

வங்கிகளின் இணைய முகவரி எல்லாம் இந்த மாதம் 31க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று மாற வேண்டும், ரிசர்வ் வங்கி உத்தரவு. நல்லதுதான். ஆனால் ‘முகவரி மாறுகிறது, இங்கே லாகின் செய்யுங்கள்’ என்று இதையே சாக்காக வைத்து மெயில் வரும், பார்த்துக்கொண்டே இருங்கள்.

உள்நாட்டுப் பணத்துக்கு ஏப்ரலிலிருந்து ஆர்டிஜிஎஸ், என்இஎஃப்டியில் பெறுபவர் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு அது உதவாது. அதனால் கணக்கு எண் மாற்றம் என்று எது வந்தாலும், பழைய எண்ணுக்குப் போன், பேசியவர் பெயர், இரண்டு பேர் கையெழுத்து. சைபர் மோசடிப் புகார் எண் 1930ஐயும் வங்கியின் ஃபாரெக்ஸ் (வெளிநாட்டுப் பணம்) பிரிவு எண்ணையும் கேஷியர் மேஜையில் ஒட்டியாயிற்று. பணம் போய்விட்டால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

இத்தாலிக்கு அட்வான்ஸ் இன்று பழைய கணக்குக்கே போனது. சிலிண்டர் வர இன்னும் நாளாகும். தீபாவளிக்கு முன்னால் அந்த மிஷின் ஓடாது என்று ஃபிட்டர் கையை விரித்துவிட்டார்.