ஐந்து விளக்கு, ஒரு கப்ளர்

2024 ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில்தான் என் கார் முதன்முதலாகப் புகார் சொன்னது. 'ஃப்ரன்ட் ரேடார் பிளாக்டு' என்று மீட்டரில் மஞ்சளாக ஒரு வரி. வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகாத வண்டி. பதறிப்போய் இறங்கிப் பார்த்தால், அத்தை முந்தின நாள் சாயங்காலம் குழைத்த சந்தனத்தை கிரில் நடுவில் இருக்கும் கம்பெனி சின்னத்தின் மேல் தாராளமாக அப்பி, குங்குமம் வைத்து, அதன்மேல் சாமந்தி மாலையையும் சாத்தியிருந்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வண்டிக்கு நெற்றி அதுதானே? அந்த நெற்றிக்குப் பின்னால்தான், முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அலை அனுப்பி அளக்கும் ரேடார் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். 77 கிகாஹெர்ட்ஸ் அலை பிளாஸ்டிக்கைத் தாண்டிப் போய்விடும், ஈரத்தைத் தாண்டத் திணறும். ஈரச் சந்தனம், தண்ணீர் தெளித்த பூ இரண்டும் சேர்ந்தால் அதற்குக் கண் கட்டு. மாலையைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கிளம்பினேன், பெண்ணையாற்றுப் பாலம் தாண்டுவதற்குள் அந்த வரி போய்விட்டது. (சில வண்டிகளில் ரேடார் கீழே பம்பருக்குள் இருக்கும். கூடுதலாக இரும்பு கார்டு மாட்டியவர்களுக்கும், பம்பரில் பட்டி தடவி பெயின்ட் அடித்தவர்களுக்கும் இதே புகார் வருவது அதனால்தான்.)

அதிலிருந்து எனக்கு ஒரு அசட்டு தைரியம் வந்துவிட்டது. எந்த எச்சரிக்கை வந்தாலும் துணியை எடுத்துத் துடைத்தால் போதும் என்று.

நான் கடலூர் ஆல்பேட்டையிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறவள். போக வர நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது, ஒரே நாளில் அங்கே 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. நாங்கள் தப்பித்தோம் என்று மூச்சு விடுவதற்குள் சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்தார்கள், பெண்ணையாறு இரு கரையும் தொட்டு வந்தது. எங்கள் தெருவில் காரின் சக்கரம் பாதி முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் ஒரு ராத்திரியும் மறுநாள் பாதியும் நின்றது. வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை, பேட்டரியின் நெகட்டிவ் வயரையும் முன்னாடியே கழற்றி வைத்திருந்தோம். வடிந்த பிறகு மெக்கானிக் வந்து எண்ணெய் எல்லாம் பார்த்து, 'ஒண்ணும் இல்ல, எடுத்து ஓட்டுங்க' என்றார். கால்மிதி மேட்டை வெளியே எடுத்து வெயிலில் போட்டேன். கார்பெட்டுக்கு இரண்டு நாள் டேபிள் ஃபேன் வைத்தேன். தொட்டால் காய்ந்துதான் இருந்தது. அத்தோடு விட்டுவிட்டேன்.

ஜனவரியில் ஆரம்பித்தது. ஒரு நாள் காலை 'ஃப்ரன்ட் கேமரா டெம்பரரிலி அன்அவெய்லபிள்'. சாலையைப் பார்க்கும் அந்தக் கேமரா முன் கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கிறது. வெளியே கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. ரெட்டிச்சாவடி தாண்டியதும் தானாகப் போனது. நாலு நாள் கழித்து, கிருமாம்பாக்கம் அருகே ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும், ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து வரி: ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது), வழுக்கல் தடுப்பு, ஹில் ஹோல்டு (மேட்டில் வண்டியைப் பிடித்து வைப்பது), லேன் அசிஸ்ட் (வண்டியை லேனுக்குள் வைப்பது), தானியங்கி பிரேக். எல்லாவற்றிலும் 'செக் சிஸ்டம்'. கார்த்திகை தீபம் மாதிரி மீட்டர் முழுக்க விளக்கு. வண்டியோ எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு எனக்கு யாராவது சொல்லியிருந்தால் பாதி வழியில் நின்று அழுதிருக்க மாட்டேன். மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும். திடீரென்று அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம், அவ்வளவுதான். இடைவெளி விட்டு, மெதுவாக ஓட்டி வீடு சேரலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டக் கூடாது. ஓரம் கட்டி ஆள் கூப்பிட வேண்டும். எனக்கு சிவப்பு எரியவில்லை.

புதுச்சேரியில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். இருபது நிமிஷம் எதையோ சொருகிப் பார்த்துவிட்டு அட்வைசர் வந்தார். "கேமரா மாட்யூல் போயிடுச்சு மேடம். மாத்தி, கேலிபரேஷன் பண்ணணும்." கேலிபரேஷன் என்றால் கேமராவின் பார்வையைச் சரியான கோணத்துக்குக் கொண்டுவருவது. எஸ்டிமேட் 82,400 ரூபாய். என்ன கோளாறு கோடு (code) வந்தது, அது இப்போது இருக்கிறதா, பழையதா என்று கேட்டேன். கோடு நம்பரெல்லாம் கஸ்டமருக்குக் கொடுப்பதில்லையாம். அதற்கு மேல், "சாரை ஒருதரம் பேசச் சொல்லுங்களேன்" என்றார். எங்கள் வீட்டு சாருக்கு ஸ்கூட்டர் மட்டும்தான் ஓட்டத் தெரியும். கிளட்ச் எந்தக் காலில் என்று கேட்டால் யோசிப்பார். ஜாப் கார்டில் 'கஸ்டமர் சம்மதிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வண்டியைக் கொடுத்தார்கள்.

அன்று ராத்திரியே வண்டியின் கோளாறு கோடுகளைப் படிக்கும் ஒரு ப்ளூடூத் ஸ்கேனருக்கு 650 ரூபாய்க்கு ஆர்டர் போட்டேன். வந்தது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் சொருகி போனில் பார்த்தால், 'கோளாறு ஏதும் இல்லை'. மீட்டரில் ஐந்து விளக்கு எரிகிறது, இது இல்லை என்கிறது! பிறகுதான் புரிந்தது. கோளாறு கோடுகளின் முதல் எழுத்தே குடும்பத்தைச் சொல்லிவிடும். பி (P) என்றால் இன்ஜின் பக்கம், சி (C) என்றால் பிரேக், ஸ்டீயரிங், சக்கரம், யூ (U) என்றால் ஒரு கணினிக்கும் இன்னொரு கணினிக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது. இந்த மலிவு ஸ்கேனர்களில் பெரும்பாலானவை இன்ஜின் கோடுகளை மட்டும்தான் படிக்கும். ஏபிஎஸ், கேமரா, ரேடார் கணினிகளின் வீட்டுக் கதவையே தட்டாது. 650 ரூபாய் வீண் என்று சொல்ல மாட்டேன், பேட்டரி வோல்டேஜ் அதில் தெரிகிறது.

உருப்படியாக நான் செய்த ஒரே காரியம், பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்ததுதான். தேதி, மணி, எந்த வரி வந்தது, எந்த ஊரில் வந்தது, எந்த ஊரில் போனது, பனியா வெயிலா. மூன்று வாரம் எழுதினேன். வண்டியை நிறுத்திவிட்டு மீட்டரை போனில் படமும் எடுத்து வைத்தேன், ஏனென்றால் இந்த விளக்குகளுக்கு மெக்கானிக்கைக் கண்டால் அணைந்துவிடும் குணம் உண்டு.

ஆபீஸில் ஒருவர் சொல்லி, முருங்கப்பாக்கத்தில் வேப்பமரத்தடி ஷெட் வைத்திருக்கும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அறுபது வயதிருக்கும், எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வண்டியைத் தொடவே இல்லை. நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழுசாகப் படித்தார். நடுவில் பால் பாக்கியையும் படித்தார் என்று நினைக்கிறேன்.

"இது ரெண்டு வியாதிம்மா. நீ ஒண்ணா எழுதி வெச்சிருக்க."

பேனாவை வாங்கி டிக் போட்டார். கேமரா வரி வந்த பதினோரு தடவையும் காலை எட்டு மணிக்கு முன்னால், பனி நாளில். பெரும்பாலும் கன்னியக்கோயில் ஊர் வருவதற்குள் அந்த வரி போய்விட்டிருக்கிறது. ஐந்து விளக்கு வந்தது காலை, மதியம், சாயங்காலம் எல்லாம், ஆனால் எப்போதும் வேகத்தடை அல்லது பள்ளத்துக்குப் பிறகு. மூன்று வாரம் எழுதிய எனக்கு இது தெரியவில்லை.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் வந்தால் முழு சார்ஜ், 12.2க்கு வந்துவிட்டால் பாதிதான் இருக்கிறது என்றார். ஸ்டார்ட் ஆகும் நொடியில் வோல்டேஜ் ரொம்ப விழுந்தால் கேமரா, ரேடார் கணினிகள்தான் முதலில் முனகுமாம். "பாதிப் பேருக்கு பேட்டரிதான்மா கோளாறு. அதுக்கு சென்சாரை மாத்தி வெச்சிருப்பாங்க." எனக்கு 12.5, ஓடும்போது 14.2. பேட்டரி நிரபராதி.

அடுத்து அவருடைய ஸ்கேனர், டேப்லெட் சைஸில். எல்லாக் கணினிகளையும் வரிசையாக விசாரித்தது. ஏபிஎஸ் பக்கம் சி0045, இடது பின் சக்கர வேக சென்சார். கேமராவில் 'பார்வை மறைப்பு' என்று பழைய பதிவு, இப்போது இல்லை. மற்றதில் எல்லாம் ஏபிஎஸ்ஸிடமிருந்து சரியான தகவல் வரவில்லை என்ற ஒரே பாட்டு.

"என்னை ஓட்டச் சொல்லாத, நீ ஓட்டு" என்று பக்கத்து சீட்டில் டேப்லெட்டோடு உட்கார்ந்தார். நான்கு சக்கரத்தின் வேகமும் நான்கு எண்ணாகத் திரையில் ஓடியது. தெருவில் இருபதில் போனேன். 20, 20, 20, 20. ஒரு மேன்ஹோல் மூடியில் சக்கரம் ஏறியது. 20, 20, 0, 20. உடனே மறுபடி 20. மறுபடி 0. மீட்டரில் ஐந்து விளக்கும் ஏறின. மூன்று சக்கரம் ஓடுகிறது, ஒன்று நிற்கிறது என்று கணினிக்குச் செய்தி போனால் அது யாரை நம்பும்? பிரேக்கைத் தானாகப் போடுவது, வண்டியை லேனுக்குள் இழுப்பது, மேட்டில் பிடித்து வைப்பது எல்லாமே அந்த நான்கு எண்ணை நம்பித்தான் நடக்கிறது. நம்பிக்கை போனதும் எல்லாம் கடையைச் சாத்திவிடும்.

"புகார் குடுத்தவன் பேருதான்மா திரையில வரும். திருடன் பேரு வராது" என்றார்.

திருடனைப் பிடிக்க ஜாக்கி போட்டு சக்கரத்தைக் கழற்றினார். சென்சாரிலிருந்து வரும் வயர் வண்டியின் உடம்பில் ஓடும் வயரோடு சேருமிடத்தில் சுண்டுவிரல் அளவுக்கு ஒரு கப்ளர். பூட்டை நகத்தால் தூக்கி இழுத்தபோது அது லேசில் வரவில்லை. வந்தபோது உள்ளேயிருந்து ஒரு சொட்டு பழுப்புத் தண்ணீர் அவர் உள்ளங்கையில் விழுந்தது. வெள்ளம் வந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது! இரண்டு பின்னில் ஒன்று, துலக்காத செம்புக் குடத்தில் களிம்பு ஏறியது போலப் பச்சை பூத்து நின்றது. ரப்பர் சீல் ஒரு பக்கம் மடங்கி இருந்தது, அந்த வழியாகத்தான் தண்ணீர் நுழைந்திருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, காய வைத்து, கிரீஸ் வைத்து மூடினார். விளக்கெல்லாம் அணைந்தது. 500 ரூபாய்தான் வாங்கினார்.

ஒன்பது நாள் நன்றாக இருந்தது. பத்தாவது நாள் தவளக்குப்பத்தில் மறுபடி ஐந்து விளக்கு. அரிப்பு வயருக்குள்ளேயே ஏறிவிட்டது என்று சென்சாரையே வயரோடு மாற்றினார். 2,300 ரூபாய். முதலிலேயே மாற்றியிருக்கலாமே என்று கேட்டேன், வாங்கின காசுக்கு முதலில் வேலை செய்து பார்க்க வேண்டாமா என்றார். எனக்கு அந்த பதிலில் குறை தெரியவில்லை.

கேமரா விஷயம் இன்னும் எளிது, இன்னும் அசிங்கம். பாய் டிரைவர் பக்கக் கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சு மெத்தையை ஒரு பிடி பிழிந்தார். தண்ணீர் வடிந்தது. மேலே காய்ந்த கார்பெட், அடியில் குளம். அந்த ஈரம் ராத்திரி முழுக்க வண்டிக்குள் ஆவியாகி, பனிக்காலத்தில் குளிர்ந்த முன் கண்ணாடியின் உள்பக்கம் வியர்க்கும். நம் முகத்துக்கு நேரே வியர்த்தால் துடைத்துவிடுகிறோம். ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், கேமராவின் மூடிக்குள் வியர்ப்பதை எந்தத் துணியும் எட்டாது. நான் வெளியே துடைத்துத் துடைத்து என்ன பயன்? ஏசி ஓடி உள்ளே காற்று உலர்ந்ததும், அதாவது கன்னியக்கோயிலுக்குள், அதுவாகத் தெளிந்திருக்கிறது. 82,400 ரூபாய்க்குப் புதுக் கேமரா மாட்டியிருந்தாலும் அதுவும் அதே நீராவிக்குள்தான் உட்கார்ந்திருக்கும்.

சீட் கடைக்காரரிடம் சீட்டுகளைக் கழற்றி, கார்பெட்டைப் பஞ்சோடு உருவி, மொட்டை மாடியில் நாலு நாள் காயப் போட்டோம். கூலி 1,800. அந்த நாலு நாளும் மாடிப் பக்கம் போகாமல் அத்தை மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது காயும்வரை வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போனேன். பிறகு கேமரா வரி ஒரு தடவைகூட வரவில்லை. காலையில் கிளம்பும்போது காற்றை முன் கண்ணாடிக்குத் திருப்பி, ஏசியோடு ஐந்து நிமிஷம் விடுவது மட்டும் பழக்கமாகிவிட்டது.

கேமராவைக் கழற்றவில்லை என்பதால் கேலிபரேஷன் தேவைப்படவில்லை. அது தேவைப்படும் இடம் வேறு. ஆபீஸில் ஒருவருக்கு லாரியிலிருந்து கல் தெறித்து முன் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. கடையில் கண்ணாடியை ஒட்டி, கேமராவைப் பழைய இடத்திலேயே மாட்டி அனுப்பிவிட்டார்கள். எச்சரிக்கை எதுவும் வரவில்லை, ஆனால் லேன் அசிஸ்ட் அவரை எப்போதும் கொஞ்சம் வலது பக்கமாகவே தள்ளிக்கொண்டிருந்தது. கேமரா ஒரு இம்மி சாய்ந்தாலும் நூறு அடி தள்ளி அது காணும் கோடு வேறு இடத்தில் விழும். சமதரையில் நிறுத்தி, டயரில் சரியான காற்றோடு, எதிரே குறி போட்ட பலகை வைத்துச் சரிபார்ப்பது ஒரு வகை. கோடு தெளிவாக இருக்கும் சாலையில் சீரான வேகத்தில் ஓட்டிக் கற்றுக்கொள்ள விடுவது இன்னொரு வகை. எது வேண்டும் என்பது வண்டியைப் பொறுத்தது. அவர் வண்டிக்கு இரண்டாவது. விழுப்புரம் போகும் நான்கு வழிச்சாலையில் ஸ்கேனரைச் சொருகிக்கொண்டு ஓட்டியே முடித்தார்கள். எங்கள் ஊர் உள்சாலைகளில் கோட்டைத் தேடினால் கேமரா பாவம் சந்நியாசம் வாங்கிவிடும்.

கண்ணாடி என்றதும் இன்னொன்று. புது ஃபாஸ்டேக் ஒட்டும்போது கேமராவுக்கு நேரே கறுப்புப் பட்டைக்கு நடுவில் விட்டிருக்கும் தெளிவான ஜன்னலில் ஒட்டிவிடாதீர்கள். பாய் கடையில் நான் இருந்த அரை மணி நேரத்தில் அப்படி ஒருவர் வந்தார். அவரிடம் பாய் காசே வாங்கவில்லை, சிரித்தார்.

என் கணக்கு: பாய்க்கு 500, சென்சார் 2,300, கார்பெட் 1,800, ஸ்கேனர் 650. மொத்தம் 5,250. சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு மாதம் கழித்து போன் வந்தது, கேமராவுக்கு இந்த வாரம் பத்து சதவீதம் தள்ளுபடியாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் ஒருமுறை கொண்டு வா, மற்ற மூணு கப்ளரையும் திறந்து பார்த்துடலாம் என்று பாய் சொல்லியிருந்தார். 2025 செப்டம்பரில் போனேன். இரண்டு சுத்தமாக இருந்தன. வலது முன் சக்கரத்தில் ஒரு பின்னின் நுனியில் பச்சை ஆரம்பித்திருந்தது.