இருங்காட்டுக்கோட்டைக்கு என் வண்டியோடு

பிப்ரவரி 15, சனி

இன்று வண்டிக்கு பிரேக் ஆயில் மாற்றியாயிற்று. அடுத்த ஞாயிறு டிராக் டே. பந்தயம் இல்லை, பரிசும் இல்லை. பணம் கட்டி, நம் சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஆசை தீர ஓட்டிவிட்டு வரலாம், அவ்வளவுதான். என்னுடையது பத்து வயதான ஹேட்ச்பேக். தினமும் ஆபீஸ், வாரம் ஒருமுறை மார்க்கெட்.

மெக்கானிக் தம்பி பழைய ஆயிலை ஒரு பாட்டிலில் இறக்கிக் காட்டினான். கடுங்காப்பி நிறம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை மெல்ல மெல்ல இழுத்துக்கொள்ளும், சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? டாட் 4 ரகப் புது ஆயில் கொதிக்கக் குறைந்தது 230 டிகிரி வேண்டும். தண்ணீர் ஏறி இற்றுப்போனால் அது 155 வாக்கில் வந்து நிற்கும். கொதித்தால் குழாய்க்குள் குமிழி. குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால்தான் மிதித்த பெடல் பிடிக்காமல் தரை வரை போகிறது. ஊருக்குள் ஓட்டும்போது அந்தச் சூடு வருவதே அபூர்வம்.

“எஞ்சினுக்கு ஒண்ணும் பண்ண வேண்டாமாக்கா?” என்றான். வேண்டாம். இருக்கிற குதிரைசக்தியையே நான் இன்னும் முழுசாகப் பார்த்ததில்லை.

பிப்ரவரி 19, புதன்

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்தேன். பந்தயம், வேகச் சோதனை இவற்றுக்கு வண்டியைப் பயன்படுத்தினால் காப்பீடு இல்லை என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. ஆக, சுவரில் இடித்தால் என் காசு. இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. வேகமாக ஓட்டும் ஆசைக்கு இது ஒரு நல்ல மூக்கணாங்கயிறு.

பிப்ரவரி 22, சனி

வண்டியைக் காலி செய்தேன். கால்மிதி, குடை, தண்ணீர் பாட்டில், ஜாக்கி, ஸ்டெப்னி எல்லாம் வெளியே. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்தபோது அப்பா முகம் சுளித்தார். “அவரையுமா இறக்கணும்?” கழன்று பறக்கக்கூடிய எதுவும் உள்ளே இருக்கக்கூடாது என்று விதி, பிள்ளையாருக்கு விலக்கு கிடையாது. பம்பரில் இழுவைக் கொக்கியை மாட்டி, வீல் நட்டுகளை இறுக்கினேன்.

அப்பாவும் வருகிறார். சோழவரத்தில் ரேஸ் பார்த்து வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம்தான் அன்றைக்கு மெட்ராஸுக்கு ரேஸ் டிராக். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வந்துவிட்டது. ஆனாலும் அவர் வாயில் இன்னும் சோழவரம்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

விடியற்காலையில் கிளம்பி, பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்னால் திரும்பினோம். முதலில் வண்டிச் சோதனை, பிறகு கொடி வகுப்பு. மஞ்சள் கொடி என்றால் முந்தாதே, வேகத்தைக் குறை. நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது, வழி விடு. சிவப்பு என்றால் ஆட்டம் நின்றது, வண்டிகள் நிற்கும் இடமான பிட்டுக்கு மெதுவாகத் திரும்பு. முந்துவதும் நேர்பாதையில் மட்டும்தான், அதுவும் முன்னால் போகிறவர் கை காட்டினால்தான்.

தடம் சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அவற்றுக்கு இங்கே பெயர் சி1, சி2 என்றுதான். முதல் சுற்றுகளுக்குப் பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏசி அணைத்து, கண்ணாடி இறக்கி, ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிய, நேர்பாதை முடிவில் ஸ்பீடோமீட்டர் 130-ஐத் தாண்டியது. “இப்போ, நேரா இருக்கும்போதே முழுசா மிதிங்க மேடம்!” மிதித்தேன். சீட் பெல்ட் தோளை அறுத்தது. அப்புறம் பெடலை மெல்ல விட்டபடியே ஸ்டியரிங்கைத் திருப்பச் சொன்னார். “பானட்டைப் பார்க்காதீங்க. வளைவு முடியற இடத்தைப் பாருங்க.” கண் அங்கே போனதும் கை தானாகத் திரும்புவது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

ஒரு வளைவில் சீக்கிரமே ஆக்சிலரேட்டரை மிதிக்க, முன் டயர்கள் கீச்சிட்டு வண்டி வெளிப்பக்கமாக நழுவியது. ஸ்டியரிங்கை இன்னும் திருப்பினால் பயன் இல்லை. முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டியில் திருப்புவதும் இழுப்பதும் அதே இரண்டு டயர்கள்தான். காலைக் கொஞ்சம் தளர்த்தியதும் பிடிமானம் திரும்பியது. ரோட்டில் இதைக் கற்றுக்கொள்ள வழியே இல்லை, கற்கவும் கூடாது.

பிட்டுக்கு வந்ததும் ஹேண்ட்பிரேக் போடவே கூடாதாம். கொதிக்கும் பிரேக்கை அழுத்திப் பிடித்தே வைத்திருந்தால் கெட்டுவிடும். கியரில் நிறுத்தினேன், அப்பா எங்கிருந்தோ ஒரு செங்கல் கொண்டுவந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். வீல் இடுக்கிலிருந்து கருகின வாடை. காலையில் 30 வைத்த காற்று, இடது முன் டயரில் 37 காட்டியது. கடிகாரச் சுற்றில் ஓடும் தடம், வலப்பக்க வளைவுகள் அதிகம். பாரமெல்லாம் இடது டயர் மேல். காற்றைக் கொஞ்சம் இறக்கினேன்.

மதியத்துக்குள் பெடல் முன்னைவிட ஆழமாகப் போக ஆரம்பித்தது. 130-இலிருந்து 65-க்கு வந்தால் வண்டியின் ஆற்றலில் முக்கால் பங்கைக் கழித்தாக வேண்டும், அதில் பெரும்பங்கு பிரேக் டிஸ்க்கிலும் அதைக் கவ்வும் பேடிலும் சூடாகத்தான் இறங்குகிறது. பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று காற்று வாங்கிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். போனில் சுற்று நேரம் பார்த்துப் பார்த்து ஓட்டிய ஓர் இளைஞர் அதற்குள் சுழன்று மணலில் இறங்க, சிவப்புக் கொடி. அவருக்கும் காருக்கும் ஒன்றுமில்லை, நல்லவேளை. முதல் நாளே நேரம் பார்ப்பவர்கள் ஓட்டுவதைப் பார்ப்பதில்லை என்பது என் கட்சி.

“சோழவரத்துல இவ்வளவு சட்டம் கிடையாது,” என்றார் அப்பா, பாக்ஸிலிருந்து புளியோதரையைப் பிரித்தபடி. பயிற்சியாளருக்கும் இரண்டு கரண்டி வைத்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

கழுத்து வலி. பூந்தமல்லி சாலையில் 40-இல் போகும்போதும் கண் மூன்று வண்டிக்கு அப்பால் ஓடுகிறது. ஓர் ஆட்டோ கையைக் காட்டாமல் குறுக்கே திரும்பப் போவது முன்கூட்டியே தெரிந்துவிட்டது.

மார்ச் 1, சனி

தம்பி சக்கரத்தைக் கழற்றினான். பிரேக் பேட் கண்ணாடி போல் பளபளத்துப் போயிருக்கிறது, மாற்றச் சொன்னேன். இடது முன் டயரின் வெளி ஓரம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. இன்னொரு டிராக் டே தாங்கும், மழைக்காலம் தாங்காது. நுழைவுக் கட்டணத்தைவிட டயருக்குத்தான் காசு எடுத்துவைக்க வேண்டும் என்று யாராவது கேட்டால் சொல்வேன்.

எல்லாம் மாட்டி முடித்துவிட்டு, கையைத் துடைத்தபடி கேட்டான்: “நம்ம ஆம்னி வேனை உள்ள விடுவாங்களாக்கா?” உயரமான வண்டி, கவிழும் என்று மறுப்பார்கள். ஹெல்மெட் போட்டுக்கொண்டு என் பக்கத்து சீட்டில் வரலாமா என்று வேண்டுமானால் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஹெல்மெட் சைஸ் சொல்லிவிட்டான்.