அங்கீகாரத்துக்குப் பிறகான வேலை

பாலஸ்தீனத்தை இந்தியா தனி நாடாக ஏற்றுக்கொண்டது 1988 நவம்பரில். ஆனாலும் அங்கே நமக்கு இருப்பது தூதரகம் அன்று, பிரதிநிதி அலுவலகம்தான். 1996-இல் காஸாவில் திறக்கப்பட்டு, 2003-இல் மேற்குக் கரையிலுள்ள ரமல்லாவுக்கு மாற்றப்பட்ட அந்த அலுவலகத்தில் பணியாற்றிய காலத்தில்தான், ஒரு நாட்டை ஏற்றுக்கொண்டபின் அதனுடன் அன்றாட உறவை நடத்துவது எவ்வளவு கடினம் என்று கண்டேன்.

இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் 1995-இல் செய்துகொண்ட இரண்டாம் ஓஸ்லோ உடன்படிக்கையின்படி, பாலஸ்தீனப் பகுதிகளில் உள்நிர்வாகம் நடத்தும் பாலஸ்தீன அதிகார சபைக்கு வெளியுறவு அதிகாரம் கிடையாது. நிதியுதவி, பொருளாதாரம், பண்பாடு போன்ற சில துறைகளில் மட்டும் அதன் சார்பில் பாலஸ்தீன விடுதலை இயக்கம் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். அவற்றை நிறைவேற்ற வெளிநாடுகள் அங்கே அலுவலகம் வைத்தாலும் அது வெளியுறவு ஆகாது. நடைமுறையிலோ, பாலஸ்தீன வெளியுறவு அமைச்சகத்துக்கு நாங்கள் எழுதிய கடிதங்கள் வேறெந்தத் தலைநகரிலும் எழுதப்படும் அதே மரபில்தான் அமைந்தன. அந்த மரியாதையில் குறை வைக்காதது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். பிரிட்டனும் பிரான்சும் இந்த உறவை நெடுங்காலம் ஜெருசலேமிலுள்ள துணைத் தூதரகங்கள் வழியாக நடத்தின. அங்கே தனக்கிருந்த துணைத் தூதரகத்தை அமெரிக்கா 2019-இல் இஸ்ரேலுக்கான தூதரகத்தோடு இணைத்தது பாலஸ்தீனர்களுக்குப் பேரிழப்பு.

என் மேசைக்கு வந்தவற்றில் நான் மிகுந்த அக்கறையோடு பார்த்தவை, வெளிநாட்டினருக்கு இந்திய அரசு அளிக்கும் ஐடெக் பயிற்சிக்கான கோப்புகள். மேற்குக் கரை நகரான நாப்லஸைச் சேர்ந்த ஓர் இளம் பொறியாளர் தேர்வாகிவிட்டால் விசா கொடுப்பது எளிது. அது நம் கையில் இருக்கிறது. ஆனால் அவருடைய பாலஸ்தீன பாஸ்போர்ட்டிலுள்ள அடையாள எண்ணே இஸ்ரேலின் கட்டுப்பாட்டிலுள்ள மக்கள் பதிவேட்டைச் சார்ந்தது. பெரும்பாலும் இஸ்ரேலின் பென் குரியன் விமான நிலையத்தை அவர் பயன்படுத்த முடியாது என்பதால், இஸ்ரேலின் கட்டுப்பாட்டிலுள்ள அலென்பி பாலத்தின் வழியே ஜோர்டானுக்குள் கடந்து, அதன் தலைநகர் அம்மான் சென்றே விமானம் ஏற வேண்டும். பாலம் மூடப்பட்டால் பயணச்சீட்டும் பயிற்சி தொடங்கும் நாளும் கைநழுவும். அதனால் பயணத் தேதியைச் சில நாள் முன்னதாகவே வைத்துக்கொள்ளச் சொல்வதே எங்கள் வழக்கமாயிற்று. காஸாவிலிருந்து வந்த விண்ணப்பங்களுக்கு அந்த வழியும் நிச்சயமில்லை.

பாலஸ்தீன அதிகார சபையுடனான தொடர்பைக் கவனித்துவந்த எட்டு நார்வே அதிகாரிகளின் தூதரகத் தகுதியை இஸ்ரேல் 2024-இல் ரத்து செய்ததும், நார்வே அங்கிருந்த தன் பிரதிநிதி அலுவலகத்தை மூட நேர்ந்தது. 2025 செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் ஆகியவையும் பாலஸ்தீனத்தை ஏற்றுக்கொண்டதை மனமார வரவேற்கிறேன். அடுத்து அவை பேச வேண்டியது, அந்தப் பாலத்தைக் கடக்கும் அனுமதியைப் பற்றித்தான்.