லப்னேக்குத் தயிரைப் பிழியக் கூடாது

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, நீங்க சொன்ன லப்னேயைச் செஞ்சு பார்த்தேன், ரவை ரவையா புளிப்பா வந்திருக்கு, எங்க தப்பு நடந்துச்சுன்னு தெரியல" என்றாள். எத்தனை மணி நேரம் தொங்கவிட்டாய் என்று கேட்டேன். "தொங்கவெல்லாம் விடல அண்ணி, அவசரம், துணியில போட்டு முறுக்கிப் பிழிஞ்சுட்டேன், பனீருக்கு அப்படித்தானே பண்ணுவோம்?" என்றாள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. போனில் பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே குக்கர் விசில் வந்து வைத்துவிட்டேன். மீதியை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன், அவளுக்கும் ஆகும், தயிரும் துணியுமாக யோசித்துக்கொண்டு நிற்கிற வேறு யாருக்காவதும் ஆகும்.

லப்னே என்பது தண்ணீர் வடிந்த தயிர், அவ்வளவுதான். பாலஸ்தீனம், லெபனான், சிரியா, ஜோர்டான் பக்கத்து வீடுகளில் நமக்குச் சட்னி மாதிரி காலையில் தினமும் தட்டுக்கு வருவது. கத்தியால் எடுத்து ரொட்டியில் தடவலாம், அந்தப் பதம். இன்னும் ஒரு நாள் வடிந்தால் உருட்டலாம், அப்போது பார்க்க சீஸ் மாதிரியே இருக்கும். சீஸ் என்றதும் எங்கள் அம்மா கேட்ட முதல் கேள்வி, அதில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கிற ரென்னெட் போடுவார்களாமே என்பது. இதில் அது கிடையாது. தயிர், உப்பு, துணி, வேறு ஒன்றுமே வேண்டாம்.

நான் கற்றுக்கொண்டது ஷார்ஜாவில். எட்டு வருஷம் அங்கே இருந்தோம், எதிர் வீட்டில் பாலஸ்தீனத்து நாப்லுஸ் ஊர்க் குடும்பம். அந்த வீட்டுப் பெரியம்மாவை அந்த மாடியில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் கால்தோ என்று கூப்பிடுவார்கள். அம்மாவோடு பிறந்தவளைக் கூப்பிடுகிற சொல் அது, நானும் அப்படியே கூப்பிட்டேன். "லபன் வாங்கிட்டு வா, செஞ்சு காட்டறேன்" என்று ஒரு நாள் சொன்னார். நான் கடையில் லபன் என்று எழுதியிருந்த பாட்டிலை வாங்கிக்கொண்டு போனேன். வளைகுடாக் கடைகளில் லபன் என்றால் நம் மோர் மாதிரி குடிக்கிற சமாச்சாரம். கால்தோ அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இரண்டு டம்ளரில் ஊற்றி எனக்கு ஒன்று கொடுத்துத் தானும் ஒன்று குடித்துவிட்டு, அப்புறம்தான் விளக்கினார். அவர்கள் ஊரில் லபன் என்றால் தயிர், எகிப்துக்காரர்களுக்கு அதே சொல் பால், இங்கே மோர். எல்லாவற்றுக்கும் வேர் வெள்ளை என்ற பொருள்தான், லெபனான் மலைக்கு அந்தப் பெயர் வந்ததும் மேலே கிடக்கிற பனியின் வெள்ளையால் என்பார்கள்.

மறுநாள் சரியான தயிரோடு போனேன், இரண்டு கிலோ. கால்தோ தலையணை உறை மாதிரி தைத்த ஒரு காட்டன் பையை எடுத்தார், வாயில் நாடா கோத்திருந்தது. தயிரில் ஒன்றரை ஸ்பூன் உப்பைப் போட்டுக் கலக்கி, பையை நனைத்துப் பிழிந்து, தயிரை உள்ளே ஊற்றி, நாடாவை இழுத்து சிங்க் குழாயில் கட்டித் தொங்கவிட்டு, கீழே ஒரு பாத்திரம் வைத்தார். முதல் பத்து நிமிஷம் தண்ணீர் நூல் மாதிரி இறங்கியது. அப்புறம் சொட்டு சொட்டாக. எனக்குப் பொறுக்கவில்லை, கையை நீட்டிப் பையின் அடியை லேசாக அமுக்கிவிட்டேன். கால்தோ என் புறங்கையில் ஒரு தட்டு தட்டி, "லா, லா, ஷ்வய் ஷ்வய்" என்றார், வேண்டாம், வேண்டாம், மெதுவாக, மெதுவாக என்று. பிறகு பாத்திரத்தைக் காட்டினார். அதுவரை தெளிவாக, இளம் பச்சை கலந்த மஞ்சளாக இருந்த தண்ணீருக்குள், நான் அமுக்கிய இடத்திலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. அது தண்ணீர் இல்லை, தயிர்.

நாத்தனாருக்கு நான் சொல்ல நினைத்தது முழுக்க அந்த ஒரு பாத்திரத்தில் இருக்கிறது. பாலில் கிட்டத்தட்ட 87 சதவீதம் தண்ணீர். அதிலுள்ள புரதத்தில் ஐந்தில் நாலு பங்கு கேசின் என்கிற வகை. பால் புளிக்கும்போது அந்தக் கேசின் ஒன்றோடு ஒன்று ஒட்டி வலை மாதிரி பின்னிக்கொள்ளும், தண்ணீர் அந்த வலைக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும், அதைத்தான் தயிர் என்கிறோம். வலை ரொம்ப மென்மையானது. தன் எடையிலேயே தொங்கினால் அது மெதுவாகச் சுருங்கித் தண்ணீரை மட்டும் வெளியே விடும். முறுக்கிப் பிழிந்தால் வலை கிழியும், கிழிந்த துணுக்குகள் பாதி துணி வழியாக வெளியே போகும், பாதி துணியின் கண்களை அடைத்துக்கொள்ளும், உள்ளே மிஞ்சுவது ரவை ரவையாக நிற்கும். பனீருக்குப் பிழிகிறோமே என்றால், அது கொதிக்கிற பாலில் எலுமிச்சை விட்டுத் திரித்தது, கெட்டிக் கட்டியாகவே பிறக்கிறது, அமுக்கத்தைத் தாங்கும். தயிர் தாங்காது. ஆகவே வடிகிற தண்ணீரைப் பாருங்கள். தெளிவாக இருந்தால் எல்லாம் சரியாகப் போகிறது. வெள்ளையாக வந்தால் துணி இழை அகலமாக இருக்கிறது, இல்லையென்றால் யாரோ பையைத் தொட்டிருக்கிறார்கள். அந்த இளம் பச்சையைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம், பாலில் இருக்கிற ரிபோஃப்ளேவின் என்ற வைட்டமின் கொடுக்கிற நிறம் அது.

அடுத்தது புளிப்பு. 2019ல் திருச்சிக்குத் திரும்பி வந்த முதல் மே மாதம் கால்தோ செய்தபடியே குழாயில் கட்டித் தொங்கவிட்டேன். கால்தோ வீட்டில் இருபத்து நாலு மணி நேரமும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அதை நான் கணக்கில் எடுக்கவே இல்லை. காலையில் அவிழ்த்தால் ஊறுகாய் மாதிரி புளிப்பு, ஒரு மாவு வாடை வேறு. தயிரில் இருக்கிற பாக்டீரியாவுக்கு நம் ஊர் வெயில்தான் ரொம்பப் பிடித்த சூடு, வடிகிற பன்னிரண்டு மணி நேரமும் அது வேலையை நிறுத்துவதே இல்லை. அன்றிலிருந்து நான் ஃப்ரிட்ஜுக்குள்தான் வடிக்கிறேன். பெரிய பாத்திரத்தின் மேல் வடிதட்டு, அதன் மேல் நனைத்த துணி, அதில் தயிர், துணியின் நுனிகளை மேலே மடித்துவிட்டு ஒரு தட்டு போட்டு மூடினால் போதும். வடிதட்டின் அடி தண்ணீரில் முங்காத அளவுக்குப் பாத்திரம் ஆழமாக இருக்க வேண்டும். குளிரில் கொஞ்சம் மெதுவாகத்தான் வடியும், வடியட்டும்.

தயிரும் அப்படியே. இரண்டு நாள் பழைய தயிரை வீணாக்காமல் லப்னே பண்ணிவிடலாம் என்று நினைக்காதீர்கள், மோர்க்குழம்புக்குத்தான் அது. இதற்கென்றே உறை ஊற்றிய, அன்றைக்கு உறைந்த, இனிப்பு மாறாத தயிர் வேண்டும். நான் ஆவின் ஆரஞ்சு பாக்கெட் பால் வாங்குகிறேன், 6 சதவீதம் கொழுப்பு. நீலப் பாக்கெட்டில் 3 சதவீதம்தான், அதிலும் வரும், ஆனால் வாயில் வறண்டு நிற்கும். பால் பொங்கியதும் இறக்கிவிடாமல் சிம்மில் இன்னும் பத்து நிமிஷம் வைத்துக் கிளறிக்கொண்டே இருப்பேன். கேசின் போக மிச்சமிருக்கிற புரதம் அந்தச் சூட்டில் பிரிந்து கேசினோடு ஒட்டிக்கொள்கிறது, வடிகிற தண்ணீரோடு போய்விடாமல் துணிக்குள்ளேயே நிற்கிறது, தயிரும் கெட்டியாக உறைகிறது. அப்புறம் ஆறவிட வேண்டும். கால்தோவிடம் தெர்மாமீட்டர் எல்லாம் கிடையாது, சுண்டுவிரலைப் பாலில் விட்டு பத்து எண்ணுவார், பத்து வரை சூடு உறைத்தாலும் விரலை எடுக்காமல் இருக்க முடிந்தால் அதுதான் பதம். நான் ஒரு தடவை அளந்து பார்த்தேன், 44 டிகிரி. ஒரு லிட்டருக்கு இரண்டு ஸ்பூன் உறைத்தயிர் போதும், நிறைய விட்டால் சீக்கிரம் உறையும், ஆனால் புளிக்கும். உறைத்தயிர் கொழகொழவென்று நூல் இழுக்கிறதாக இருந்தால் அதை மாற்றிவிடுங்கள், நூல் விடுகிற தயிர் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. மே மாதம் நாலு மணி நேரத்தில் உறைந்துவிடும், உறைந்த கையோடு ஃப்ரிட்ஜ்.

கடைத் தயிரிலும் செய்யலாம், ஆனால் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு தடவை அவசரத்துக்கு நல்ல விலை கொடுத்து ஒரு டப்பா வாங்கி ராத்திரி முழுக்க வடிய வைத்தேன், காலையில் பாத்திரத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர்கூட இல்லை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டார்ச், ஜெலட்டின். தண்ணீர் பிரியக் கூடாது என்றே போடுகிற பொருள்கள் அவை, எப்படி வடியும்? பாலும் உறையும் தவிர வேறு எதுவும் எழுதியிருக்கக் கூடாது.

கணக்கு எனக்கு இப்படி வருகிறது. ஒரு கிலோ தயிருக்கு முக்கால் ஸ்பூன் தூள் உப்பு, வடிப்பதற்கு முன்னாலேயே கலந்துவிட வேண்டும், உப்பு தண்ணீரை இழுத்து வெளியே அனுப்பும். பன்னிரண்டு மணி நேரத்தில் அரைக் கிலோ நிற்கும், கரண்டியால் அள்ளித் தட்டில் வைத்தால் மெதுவாகச் சரிகிற பதம். ஒரு நாள் முழுக்க விட்டால் 400 கிராம், எனக்குப் பிடித்தது இதுதான். துணியைப் பிரித்தால் ஓரத்தில் இருப்பது தானே உரிந்து வரும், மேலே துணியின் நெசவு அப்படியே பதிந்திருக்கும், நடுவில் மட்டும் இன்னும் கொஞ்சம் ஈரம். ஓரத்தையும் நடுவையும் சேர்த்து ஸ்பூனால் ஒரு நிமிஷம் அடித்தால் பளபளவென்று ஒன்றாகிவிடும். அந்த நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள்.

இரண்டு நாள் விட்டால் உருண்டை. உள்ளங்கையில் ஆலிவ் எண்ணெய் தடவி எலுமிச்சை அளவில் பாதி எடுத்து உருட்டி, தட்டில் துணி விரித்து அடுக்கி ஃப்ரிட்ஜில் ஒரு நாள் காயவிட்டு, மேலே தொட்டால் ஒட்டாது என்று ஆனதும் பாட்டிலில் போட்டு முழுக்க மூழ்கும்படி ஆலிவ் எண்ணெய் ஊற்ற வேண்டும். அந்த ஊர்களில் வெளியே அலமாரியில் வைப்பார்கள், நம் வெக்கைக்கு நான் ஃப்ரிட்ஜில்தான் வைப்பேன். எண்ணெய் உறைந்துபோகும், சாப்பிட அரை மணி முன்னால் எடுத்து வைத்தால் இளகிவிடும். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: வாசனைக்காக அந்த எண்ணெயில் பச்சைப் பூண்டு போடாதீர்கள். லப்னேக்குப் புளிப்பும் உப்பும் காவல், பூண்டுக்குப் புளிப்பு இல்லை, காற்றுப் படாமல் எண்ணெய்க்குள் கிடந்தால் அதில் விஷக் கிருமி வளர இடம் உண்டு. காய்ந்த புதினா, காய்ந்த மிளகாய்ச் சில்லு போதும்.

இதெல்லாம் ருசிக்காகத் தொடங்கியது இல்லை. ஆடு மாடு பால் கறக்கிற மாதங்களில் கிடைப்பதைக் கறக்காத மாதங்களுக்கு எடுத்து வைக்கிற வழி. லெபனானின் பெக்கா பக்கம் ஆட்டுப்பாலை உப்போடு மண்ஜாடியில் மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டே வந்து, ஜாடியின் அடியிலுள்ள ஓட்டை வழியாகத் தண்ணீரை வடித்து எடுக்கிற அம்பரீஸ் என்று ஒன்று இருக்கிறது. ஜோர்டானில் இன்னும் ஒரு படி மேலே போய்க் கல்லாகக் காய வைத்து ஜமீத் என்பார்கள், அதைக் கரைத்துத்தான் அவர்களுடைய மன்ஸஃப் விருந்து. நம் பக்கத்தில் மராட்டிக்காரர்கள் இதே மாதிரி வடித்த தயிரைச் சக்கா என்று சொல்லி, சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு ஸ்ரீகண்ட் ஆக்குகிறார்கள். நாம் மட்டும் தயிரை மோராக்கினோம், மோரைக் குழம்பாக்கினோம், மிளகாயை மோரில் ஊறவைத்தோம், இந்தப் பக்கம் வரவில்லை. எங்கள் அம்மாவுக்கு இன்னமும் மனசு ஆறவில்லை, "நல்ல தயிரை ஏம்மா இப்படித் தண்ணியா வடியவிடுற?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறார்.

அந்தத் தண்ணீரை நான் ஒரு சொட்டு கொட்டுவதில்லை, அம்மாவுக்காகவே சொல்கிறேன். சப்பாத்தி மாவு பிசைந்தால் மெத்தென்று வரும், உப்பு மட்டும் குறைத்துக்கொள்ள வேண்டும். ரசத்துக்குப் புளியைக் குறைத்து இதை ஒரு கப் விடலாம். செடிக்கு ஊற்றாதீர்கள், புளிப்பும் உப்பும் சேர்ந்து வேரைக் கெடுக்கும்.

சாப்பிடும்போது தட்டில் பரப்பி, ஸ்பூனின் பின்பக்கத்தால் சுற்றி ஒரு பள்ளம் இழுத்து, அதில் ஆலிவ் எண்ணெய் நிற்கும்படி ஊற்றி, மேலே ஸாதர் என்கிற மூலிகைப் பொடியைத் தூவ வேண்டும். கூட வெள்ளரிக்காய், தக்காளி, சூடான குபூஸ் ரொட்டி. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளுக்கு ரொட்டியில் தடவி வெள்ளரிக்காயை வைத்துச் சுருட்டிக் கொடுப்பார்கள், அதற்கு அரூஸெ என்று பெயர், மணப்பெண் என்று அர்த்தம். கால்தோ என் மகளுக்கும் காகிதத்தில் சுற்றி ஒன்று கொடுத்தனுப்புவார். ஸாதரில் ஒருவகைக் காட்டு மூலிகை இலை, சுமாக் என்கிற புளிப்புப் பழத்தின் பொடி, எள் இருக்கும். ஒரு நாள் ஸாதர் தீர்ந்துபோய் இட்லிப் பொடியைத் தூவிப் பார்த்தேன், எங்கள் வீட்டுப் பொடியிலும் வறுத்த எள் உண்டு, அது இரண்டுக்கும் நன்றாகப் பாலம் போட்டது. நல்லெண்ணெய் மட்டும் வேண்டாம் என்பேன், அதன் வாசனை லப்னேயை முழுசாக மூடிவிடுகிறது. என் கணவர் நல்லெண்ணெயோடுதான் சாப்பிடுகிறார்.

கடைசியாகத் துணி. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், ஒரு தடவை கொதிக்கவைத்து அலசிவிட்டு எடுங்கள். வாசனைச் சோப்பு போடவே கூடாது, அடுத்த தடவை லப்னேயில் மணக்கும். வடித்து முடித்ததும் முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், எடுத்தவுடன் வெந்நீரில் போட்டால் புரதம் இழையிலேயே வெந்து ஒட்டிக்கொண்டு துணி அடைத்துப்போகும். பச்சைத் தண்ணீரில் அலசியபிறகு வெந்நீர், அப்புறம் நல்ல வெயில். நான் வைத்திருப்பது கால்தோவின் பைதான். நாங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று துவைத்து மடித்து என் கைப்பையில் அவரே வைத்துவிட்டார். போன வருஷம் ஒரு மூலையில் தையல் விட்டுப்போனது, வெள்ளை நூலில் இரண்டு வரிசையாகத் தைத்து வைத்திருக்கிறேன்.