ஏத்தி இறக்கிப் படி: பாம்பன் கரை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

ஆறாம் வகுப்பில் இன்று உரைநடைப் பாடம். ஆளுக்கு ஒரு பத்தி வாசிக்கச் சொன்னேன். முப்பத்தொரு பிள்ளைகள், ஒரே ராகம். வரி தொடங்கும்போது ஒரு தூக்கு, அப்புறம் இழுவை. முற்றுப்புள்ளி வந்தாலும் குரல் இறங்காமல் அந்தரத்தில் நிற்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். "ஏத்தி இறக்கிப் படிங்கப்பா" என்று நானும் பதினாறு வருடமாகச் சொல்லிவருகிறேன். சொன்னதும் சத்தம்தான் கூடும்.

மதியம் வேப்பமரத்தடியில் கூட்டம். காலையில் வாய்க்குள்ளேயே வாசித்த பிள்ளை ஒருத்தி செங்கல் மேல் ஏறி நின்று மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸ் மூடியில் புளியங்கொட்டை. அதுதான் நகரை மீன். "நூறு... நூறு... நூத்திப் பத்து, அண்ணன் கேட்டாச்சு நூத்திப் பத்து!" தொகை ஏற ஏறக் குரலும் ஒரு படி ஏறுகிறது. மேலே கேட்க ஆள் இல்லை என்றதும் நிதானத்துக்கு வருகிறது. "ஒரு தரம்" மேலேயே நிற்கிறது. "ரெண்டு தரம்" இன்னும் சற்று மேலே, யாராவது வருகிறீர்களா என்று எட்டிப் பார்ப்பது மாதிரி ஓர் இழுப்போடு. "மூணு தரம்!" அப்படியே கீழே வந்து உட்கார்ந்துவிட்டது. வியாபாரம் முடிந்தது என்று சொல்வது அந்த இறக்கம்தான்.

அவள் அப்பா கரையில் ஏலம் விடுகிறவர். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், கேட்டுக் கேட்டே வந்திருக்கிறது. அப்படியானால் ஏற்ற இறக்கம் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. புத்தகத்தைத் திறந்ததும் அது எங்கே போய்விடுகிறது என்பதை எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். அக்டோபர் 15, கலாம் ஐயா பிறந்தநாளுக்குப் பேச்சுப்போட்டி வருகிறது. அதுவரை பார்த்ததை எழுதிவரப் போகிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஒரு பையனிடம் வீட்டிலிருந்து இரண்டு முழம் தங்கூஸ், அதாவது மீன் பிடிக்கும் நைலான் நரம்பு, கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு முனையை அவனையே இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். மெல்லச் சுண்டினால் மெல்லிய ஓசை. ஓங்கிச் சுண்டினால் பெரிய ஓசை, ஆனால் அதே சுருதி. "இப்ப இன்னும் இறுக்குடா" என்றேன். முகம் சிவக்க இழுத்தான். சுண்டினேன். கீச்சென்று மேலே போய்விட்டது. இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்த பிறகுதான் வகுப்புக்குப் பிடிபட்டது. சத்தம் வேறு, சுருதி வேறு. பெரிய வகுப்பு அறிவியலில் உரப்பு, சுருதி என்று தனித்தனியாகவே படிப்பார்கள்.

அப்புறம் எல்லாரையும் தொண்டையில் இரண்டு விரல் வைத்து "ஊ" சொல்லச் சொன்னேன், கட்டையில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே. குரல்வளை விரலுக்கடியில் ஏறுவது தெரிந்ததும் ஒரே ஆரவாரம். உள்ளே குரல் நாண்கள் இரண்டு இருக்கின்றன. சிறு தசை ஒன்று அவற்றை இழுத்து நீட்டும்போது வேகமாக அதிர்ந்து சுருதி ஏறுகிறது. வளர்ந்த ஆணுக்கு நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 தடவை, பெண்ணுக்கு 200 தடவை, இந்த வயதுப் பிள்ளைகளுக்கு 250 தடவை போல அதிரும் என்று சொன்னேன்.

"அப்ப எங்க அப்பாவைவிட நான் வேகமா, டீச்சர்?" என்றான் தங்கூஸ்காரன். ஆமாம்டா, இரண்டு மடங்கு.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கச்சான் காற்று நிற்கவில்லை. தென்கடல் பக்கம் நுரை பறக்கிறது. வடகடல் கரைக்கு நடந்தேன். வத்தைப் படகில் நின்ற மகனை ஒரு அம்மா கூப்பிட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசிய குரல் அல்ல அது. கூப்பிடும்போது ஒரே தாவலில் மேலே போய், பெயரின் கடைசி உயிரெழுத்தில் நீண்டு நின்றது. காற்றும் அலையும் கட்டையாக இரைந்துகொண்டிருக்க, இந்தக் குரல் அதற்கு மேலே தனிக் கோடாகத் தெரிந்தது. அவர் தொண்டையைக் கிழித்துக் கத்தவே இல்லை. பையன் கை தூக்கினான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

இன்றைய வகுப்பை மறக்க மாட்டேன்.

கரும்பலகையில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினேன்: அப்பா வந்துட்டாரு. சொல்லை மாற்றாமல் எத்தனை விதமாகச் சொல்லலாம், பார்ப்போம் என்றேன். முதலில் செய்தியாகச் சொன்னார்கள், குரல் கடைசியில் இறங்கியது. அடுத்து கேள்வியாக. தமிழில் கேள்விக்கு 'ஆ' சேர்ப்போம். ஆனால் அது இல்லாமலே கடைசி எழுத்தைத் தூக்கினால் போதும், கேள்வியாகிவிடுகிறது. 'யாரு', 'எங்க' என்று வந்தால் அந்தத் தூக்கல்கூடத் தேவையில்லை, சொல்லே கேட்டுவிடுகிறது. ஒருவன் வீட்டுப்பாடம் எழுதாதவன் மாதிரி கிசுகிசுப்பாகச் சொன்னான். ஒருத்தி 'அப்பா'வில் அழுத்தினாள், சித்தப்பா இல்லை, அப்பாவே வந்துவிட்டார் என்று பொருள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை கை தூக்கினாள். எழுந்து நின்று, ரொம்பத் தாழ்ந்த குரலில், 'அப்பா'வுக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டு, "வந்துட்டாரு" என்றாள். குரல் மேலே போகவே இல்லை. இறங்கி இறங்கிக் கடைசியில் காற்றாகக் கரைந்தது. வகுப்பு அடங்கிப்போனது. போன வருடம் இன்ஜின் நின்றுபோய் அவள் அப்பா இரண்டு நாள் கடலில் கிடந்தது எல்லாருக்கும் தெரியும். கரைக்கு வந்த அன்று அவள் அம்மா சொன்ன குரல் அது என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

எண்ணூறு வருடத்துக்கு முந்தைய நன்னூல், எழுத்தின் ஒலி சொல்லும் முயற்சிக்குத் தக்கபடி சிறிது மாறும் என்பதற்கு மூன்று சொற்களைத் தருகிறது: எடுத்தல், படுத்தல், நலிதல். உயர்த்துவது, தாழ்த்துவது, இரண்டுக்கும் இடைப்பட்டது. அது எழுத்துக்குச் சொன்னது. ஆனாலும் பிள்ளைகளிடம் இந்த மூன்று சொற்களையே கொடுத்துவிட்டேன். 'ஏத்தி இறக்கி' என்பதில் ஏற்றம்தான் அவர்கள் காதில் விழுகிறது. 'படுத்து' என்றால் இறக்கவும் தெரிகிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

என் வகுப்பைப் பத்து நிமிடம் போனில் பதிந்து, இரவு கேட்டேன். கேட்க வேதனையாக இருந்தது. கேள்வியும் கண்டிப்பும் பாராட்டும் ஒரே உயரத்தில், எல்லாமே உச்சியில். அதைவிட மோசம் நான் செய்யும் மாதிரி வாசிப்பு. வரி தொடக்கத்தில் தூக்கு, இழுவை, அந்தரத்தில் நிற்கும் முடிவு. முப்பத்தொரு பிள்ளைகளின் ராகம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆனால் எனக்குத் தொண்டை கட்டுவதற்கும் இதுதான் காரணம். முன்பு ஒரு டாக்டரம்மா சொன்னது நினைவிருக்கிறது: தண்ணீர் குடியுங்கள், கத்தாதீர்கள், கிசுகிசுப்பாகப் பேசினாலும் நாண்களுக்கு ஓய்வில்லை, கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் போனால் காட்டியே ஆக வேண்டும். இன்று வகுப்பு இரைந்தபோது மேலே போகாமல் கீழே போனேன். தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசினேன். சிறிது நேரத்தில் முன்வரிசைப் பிள்ளைகளே பின்வரிசையை அடக்கினார்கள், டீச்சர் சொல்வது கேட்கவில்லை என்று.

செப்டம்பர் 19, வெள்ளி

காலாண்டுத் தேர்வு. விடைத்தாள் கட்டுகள். எழுத நேரமில்லை.

செப்டம்பர் 28, ஞாயிறு

விடுமுறைக்கு உச்சிப்புளியில் நாத்தனார் வீடு. பாப்பாவுக்கு நாலு மாதம். வீட்டு வாசலில் கடன்காரரிடம் கட்டைக் குரலில் பேசிக்கொண்டிருந்த பெரிய மாமா, உள்ளே வந்து தொட்டிலைக் குனிந்து பார்த்ததும், "யாரூ இது? யாரூ தங்கம்?" என்று மேலே தாவி, வளைந்து வளைந்து இறங்குகிறார். யாரும் இப்படிப் பேசக் கற்றுக்கொடுப்பதில்லை. உலகத்தில் பல மொழிக்காரர்கள் குழந்தையிடம் இப்படித்தான், உயர்ந்த சுருதியில், அகன்ற ஏற்ற இறக்கத்தோடு பேசுகிறார்கள். குழந்தைகளும் சாதாரணப் பேச்சைவிட இதைத்தான் விரும்பிக் கேட்கின்றன.

சொல்லுக்கு முன்னால் ராகம்தான் போய்ச் சேருகிறது. கடைசி மாதங்களில் வயிற்றுப்பிள்ளைக்குத் தாயின் குரல் கேட்கும். சொற்கள் மங்கிவிட்டாலும் ஏற்ற இறக்கம் தங்கும். 2009இல் வந்த ஓர் ஆய்வில், பிறந்து சில நாளே ஆன 60 சிசுக்களின் அழுகையைப் பதிந்து பார்த்தார்கள். பிரெஞ்சுத் தாய்மாரின் பிள்ளைகள் பெரும்பாலும் ஏறி அழுதன, ஜெர்மன் தாய்மாரின் பிள்ளைகள் இறங்கி அழுதன. அந்தந்த மொழி போகும் போக்கு அதுதான்.

அப்பத்தா "ஆராரோ ஆரிரரோ" என்று தொடங்கினார். பாப்பா "ஊ" என்றாள். அப்பத்தா நிறுத்தி, அதே "ஊ"வை அதே உயரத்தில் திருப்பிக் கொடுத்தார். பாப்பா இன்னொன்று, கொஞ்சம் மேலே. இவரும் மேலே. அப்படியே ஐந்தாறு தடவை. போனில் தாலாட்டு ஓடவிட்டுத் தொட்டில் பக்கத்தில் வைக்கிறார்கள் இப்போது. போன் பாடும், ஆனால் பாப்பா சொல்வதைக் கேட்டுத் திருப்பித் தராது. நாத்தனாரிடம் இதை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்த எட்டாம் வகுப்புப் பையன் வேண்டாம் என்று வந்து நின்றான். மகரக்கட்டு உடைகிறது. நேற்று வகுப்பில் வாசிக்கும்போது குரல் கட்டைக்கும் கீச்சுக்கும் தாவி, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

உட்காரவைத்துப் பேசினேன். குரல்வளை பெரிதாகிறது, நாண்கள் நீண்டு தடிக்கின்றன, ஆண்பிள்ளைகளுக்குச் சுருதி ஏறத்தாழ ஒரு ஸ்தாயி (ஒரு 'ச'வுக்கும் அடுத்த 'ச'வுக்கும் உள்ள தூரம்) இறங்கும், சில மாதத்தில் நிலைக்கு வரும் என்றேன். "வத்தையை வித்துட்டு வள்ளம் வாங்கினா முதல் நாளே கை பழகிடுமா?" என்று கேட்டேன். "பழகாது டீச்சர்" என்றான். வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகச் சொன்னேன், எங்கே சிரமமில்லாமல் நிற்கிறதோ அங்கே. முன்பிருந்ததைவிட நன்றாகத் தாழ நின்றது. அந்த இடத்திலிருந்து பேசு, பழைய உச்சிக்கு ஏறாதே, பெரிய ஆள் மாதிரி அடித்தொண்டையை அழுத்தவும் செய்யாதே என்றேன்.

பெயரை அடிக்கவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஒத்திகை. யாரோ எழுதிக்கொடுத்த தாளோடு வந்திருந்தார்கள். "அவையோர்க்கு என் பணிவான வணக்கம்!" என்று முதல் வரியே தொண்டை நரம்பு புடைக்க உச்சியில். அதற்குமேல் ஏற இடமே இல்லை. பேச்சுப்போட்டி என்றால் இப்படித்தான் என்று நம் மேடைகள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. நடுவர்கள் இதற்கே பரிசும் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. பாட்டில் மெலிவு, சமன், வலிவு என்று தாழ்வுக்கும் நடுவுக்கும் உச்சத்துக்கும் மூன்று நிலை வைத்திருக்கிற மொழி நம்முடையது. மேடையில் மட்டும் வலிவு ஒன்றே போதும் என்றாகிவிட்டது.

பையனிடம் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, கலாம் ஐயா கதையில் உனக்குப் பிடித்ததைச் சொல் என்றேன். போர்க்காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனதையும், தனுஷ்கோடிப் பாதையில் ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வெளியே வீசியதையும், சிறுவன் கலாம் அவற்றை எடுத்து ஊருக்குள் போட்டதையும் சொன்னான். "ரயில் நிக்காது" என்ற இடத்தில் அவன் குரல் தானாகவே தாழ்ந்தது. "வீசுவாங்க!" என்ற இடத்தில் ஏறியது. "இதைத்தான் பேசப் போறே" என்றேன்.

ஆறாம் வகுப்பு ஏலக்காரப் பிள்ளையும் பெயர் கொடுத்திருக்கிறாள். மேடையில் நின்றதும் குரல் நூலாகிவிடுகிறது. கேட்டால், "பொம்பளப்பிள்ள அடக்கமாப் பேசணும்னு அம்மா சொல்லும்" என்கிறாள். இந்த ஊரில் கரைக்கும் கடலுக்கும் குரல் கொடுத்து வாழ்கிற அம்மாக்களே மகளிடம் இப்படிச் சொல்வது என்னை உறுத்துகிறது. சத்தமாகப் பேசு என்று நான் சொல்லவில்லை. சத்தமாகப் பேசு என்றால் பிள்ளைகள் இறுக்கித்தான் பேசுவார்கள். நான் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றுகொண்டு, "எனக்குச் சொல்லு" என்றேன். மூன்றாவது முறை வந்து சேர்ந்தது.

அக்டோபர் 15, புதன்

இரண்டு பேருக்கும் பரிசு இல்லை. முதல் பரிசு தொண்டை நரம்பு புடைத்த ஒரு பிள்ளைக்கு. அந்தப் பிள்ளையும் பாவம், வீட்டுக்குப் போகும்போது குரலே இல்லை.

எங்கள் பையன் சமனில் தொடங்கினான். "வீசுவாங்க" என்ற இடத்தில் குரல் உடைந்து கீச்சென்றது. பின்னால் ஒரு சிரிப்பு. நிறுத்தினான். மூச்சு விட்டான். அந்த "ம்ம்" நிற்கிற இடத்துக்கு இறங்கி, அந்த வரியையே மறுபடி, மெதுவாகச் சொன்னான். இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

ஆறாம் வகுப்பு. உரைநடைப் பாடம். இந்த முறை நான் மாதிரி வாசிக்கவில்லை. முதலில் மனதுக்குள் படியுங்கள், என்ன சொல்லுகிறது என்று பக்கத்தில் இருப்பவரிடம் உங்கள் பேச்சில் சொல்லுங்கள், அப்புறம் வாசிக்கலாம் என்றேன். பாதிப் பேரிடம் பழைய ராகம் இன்னும் இருக்கிறது. ஏலக்காரப் பிள்ளை எழுந்தாள். ஒரு வரி தூக்கினாள், ஒன்றை நடுவில் நிறுத்தினாள், ஒரு கேள்விக்குறியில் புருவம் உயர்ந்தது. பத்தியின் கடைசி வாக்கியத்தை எடுத்து, முற்றுப்புள்ளிக்கு நேராகக் குரலைக் கொண்டுவந்து இறக்கி வைத்தாள்.

பின்வரிசையில் தங்கூஸ்காரன் பெஞ்சைத் தட்டினான். "மூணு தரம்!"