ஏழாம் இரவு நாவல்: மூன்றாம் வரைவுக் குறிப்புகள்

மாட்டுக்காரன், நெசவுக்காரி சீனத் தொன்மத்தை வைத்து எழுதும் இளையோர் காதல் நாவல் மூன்றாம் வரைவில் இருக்கிறது: 24 அத்தியாயம், ஏறக்குறைய 46,000 சொல். மூலக்கதையின் எலும்பு சின்னது. வானில் மேகம் நெய்யும் ஜீநூ மண்ணுக்கு வந்து மாட்டுக்காரன் நியூலாங்கோடு வாழ்கிறாள். மேற்கின் அரசன்னை ஷீவாங்மூ கொண்டை ஊசியை உருவி வானில் ஒரு கோடு கிழிக்க, அது வெள்ளி ஆறாகி இருவரையும் பிரிக்கிறது. ஏழாம் சந்திர மாதத்து ஏழாம் நாள் இரவில் மட்டும் பறவைகள் பாலம் கட்டும்.

இரண்டாம் வரைவு கவிழ்ந்தது காலக்கணக்கில். 'வானில் ஒரு நாள், மண்ணில் ஓர் ஆண்டு' என்பது சீனக் கதைகளின் பழைய விதி. அதன்படி வருடம் ஒருமுறை சந்திப்பு என்பது அவனுக்குத்தான். அவளுக்கு அது தினமும். அவன் 365 நாள் ஏங்கி வருகிறான், அவள் நேற்றுப் பார்த்த முகத்தைப் பார்க்க வருகிறாள். இதைக் கவனிக்காமல் இருவரையும் ஒரே அளவு அழவிட்டதால் பிரிவு அத்தியாயங்கள் எல்லாம் பொய்யாக ஒலித்தன. இப்போது நாவலின் சண்டையே இதுதான்.

கணக்கைத் தாளில் போட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்வது நல்லது. பழைய சீன நாளுக்குப் பன்னிரண்டு பொழுது, ஒவ்வொன்றும் 2 மணி நேரம். வானில் ஒரு பொழுது மண்ணில் 30 நாளுக்குச் சற்றுக் கூட. மண்ணின் ஒரு நாள் வானில் ஏறத்தாழ 4 நிமிடம். அப்படியானால் பாலத்தில் கழியும் 8 மணி நேர இரவு அவளுக்கு 80 விநாடி! பேசி முடிப்பதற்குள் விடிந்துவிடும். பறவைகள் மண்ணைச் சேர்ந்தவை, எனவே பாலத்தில் மண்ணின் காலமே ஓடும் என்று ஒரு விதி சேர்த்ததும் முடிச்சு அவிழ்ந்தது. இன்னொரு லாபமும் கிடைத்தது: முழு இரவு கழித்துத் திரும்பினாலும் தறியில் அவள் இல்லாதது 80 விநாடிதான். அரசன்னைக்கு ஏன் சந்தேகம் வரவில்லை என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

வயதிலும் இதே விதி கடிக்கும். அவன் 17, 18, 19 என்று ஏறுவான். அவள் நாள் கணக்கில் நிற்பாள். ஐந்தாறு சந்திப்பு வைத்தால் இளையோர் நாவல் என்ற எல்லை உடையும், அதனால் மூன்றோடு நிறுத்தம். அவளுடைய 17 வயது மண்ணின் கணக்கில் 6,205 ஆண்டு என்பதை ஒரே ஒரு கேலி வசனத்தில் கடத்தியாயிற்று.

நிலா விஷயத்தில் பலரும் தவறுவார்கள். ஏழாம் இரவில் முழுநிலா வராது. அரைநிலாதான், அதுவும் நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிடும். பாலக் காட்சியை நிலா இறங்கிய பிறகு வைத்தால் வெள்ளி ஆறு, அதாவது பால்வெளி, நன்றாகத் தெரியும். அவள் வேகா விண்மீன், அவன் ஆல்டேர். ஆல்டேரின் இருபுறமும் உள்ள இரண்டு மங்கல் மீன்கள் தொன்மத்தில் அவர்களுடைய பிள்ளைகள். பதினேழு வயதுக்காரனுக்குப் பிள்ளைகள் வேண்டாம் என்று அண்ணன் பிள்ளைகளாக மாற்றியதில் அவன் 'சித்தப்பா' ஆகிவிட்டான். நகைச்சுவைக்கு அது போதும். இந்த மூன்று மீன்களும் நமக்குத் திருவோணம், பழம்பெயர் முக்கோல்.

ஆடை திருடும் காட்சியை முழுதாக வெட்டியாயிற்று. குளிக்கும் பெண்ணின் உடையை ஒளித்துவைத்துத் தொடங்கும் உறவைக் காதல் என்று இளைய வாசகரிடம் விற்க முடியாது. பதிலுக்கு அவள் பட்டு நூல் தேடி இறங்குகிறாள். பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறினால் இழை அறுந்துபோகும். அதற்கு முன்பே கூட்டை வெந்நீரில் போட்டு, பல நூறு மீட்டர் இழையை ஒரே ஓட்டமாக இழுக்க வேண்டும். உள்ளே இருக்கும் உயிர் என்ன ஆகிறது என்று அவள் கேட்பதுதான் முதல் சண்டை.

பெயர்களில் இரண்டு பொறி. திருவிழாவின் பெயர் 'சீஷி'. தமிழில் எழுதிப் படித்தால் முதல் எழுத்திலேயே யாரோ முகம் சுளித்த மாதிரி இருக்கிறது, ஆகவே 'ஏழாம் இரவு'. பாலம் கட்டும் மேக்பை பறவையை வண்ணாத்திக்குருவி ஆக்கிவிடக் கூடாது. அது வேறு இனம். மேக்பை காக்கைக் குடும்பம், ஆகவே 'கருவெள்ளை வால்காக்கை' என்று வைத்தாயிற்று. சீனத்தில் அது நற்செய்திப் பறவை. காக்கை கரைந்தால் விருந்து வரும் என்று வளர்ந்த வாசகருக்கு விளக்கமே தேவைப்படாது.

அவள் 'நீங்கள்' என்பதிலிருந்து 'நீ'க்கு இறங்கும் இடம் முதலில் 3-ஆம் அத்தியாயத்தில் இருந்தது, சப்பென்று போனது. இப்போது 14-இல், சண்டையின் நடுவே.

மீதி இருப்பது உச்சக்கட்டம். சீன நாட்காட்டியில் 19 ஆண்டுக்கு 7 முறை மிகைமாதம், அதாவது கூடுதலாகச் சேர்க்கும் ஒரு மாதம், வரும். 2006-இல் ஏழாம் மாதமே இரட்டித்தது. மூன்றாம் ஆண்டில் அப்படி வைத்தால் இரண்டாவது ஏழாம் இரவு வானில் 2 மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் மிகைமாதத்துக்குத் திருவிழா கிடையாது, பறவைகளும் வரா. தொன்மத்தில் வருவதுபோல், செத்த மாட்டின் தோலைப் போர்த்திக்கொண்டு, காவடியின் இரு கூடைகளில் பிள்ளைகளைத் தூக்கி அவன் பறக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளும் ஒரே எடை இல்லை. தண்டு சாயாமல் இருக்க இலேசான கூடையில் என்ன போடுவது என்பதில் 22-ஆம் அத்தியாயம் நிற்கிறது.