"லெ வுவார்" - அல்சூர் கிளாஸ்ல இருந்து மான்ட்ரியல் வரைக்கும்

நம்ம பழைய மாணவர் சங்கத்தோட கனடா கிளை மலருக்கு ஏதாவது எழுதுங்கன்னு கேட்டாங்க. மத்தவங்க ஸ்போர்ட்ஸ் டே, கேன்டீன், மைசூர் டூர்னு எழுதுவாங்க, நான் பெங்களூர் அல்சூர்ல படிச்ச பி.யூ.சி. (நம்ம பிளஸ் டூ மாதிரி) ஃப்ரெஞ்ச் கிளாஸ் பத்தி தான் எழுதப் போறேன், அதுலயும் ஒரே ஒரு விஷயம் பத்தி. அவனை, அவளை, அதை, அவனுக்குன்னு நாம சொல்ற சின்னச் சின்ன சொல்லு ஃப்ரெஞ்ச்ல எங்க வந்து உக்காரும்ங்கறது தான் அது. மான்ட்ரியல்ல குடியிருக்கறவங்களுக்கு டாக்டர்கிட்ட, ஹவுஸ் ஓனர்கிட்ட, பிள்ளைங்க ஸ்கூல்லன்னு தினமும் தேவைப்படுது.

செகண்ட் லாங்குவேஜ் ஃப்ரெஞ்ச் எடுத்தா மார்க் அள்ளலாம்னு அப்போ ஒரு பேச்சு இருந்துச்சு. மர்ஃபி டவுன், சிவாஜிநகர், ஃப்ரேசர் டவுன்ல இருந்து வந்த தமிழ்ப் பசங்க பாதிப் பேர் அதுக்காகத் தான் சேர்ந்தோம். கைடு வாங்கி மனப்பாடம் பண்ணி எழுதினாலே போதும், ஆனா மேம் அதுக்கு விடல. அவங்க பாண்டிச்சேரிக்காரங்க, தாத்தா காலத்துல இருந்தே வீட்ல ஃப்ரெஞ்ச் புழங்கின குடும்பம். 1954-ல பாண்டிச்சேரி இந்தியா கைக்கு வந்து 1962-ல சட்டப்படி சேர்ந்த பிறகும் அவங்க வீட்ல அந்தப் பேச்சு நிக்கலன்னு சொல்வாங்க. அதனால அவங்க சொன்ன உதாரணம் எல்லாம் வீட்டுப் பேச்சா இருந்துச்சு, பால் வாங்கறது, சாவி தேடறது, அத்தைக்கு போன் போடறது.

கிளாஸ்ல எல்லாரும் இங்கிலீஷ் வழியா தான் ஃப்ரெஞ்ச்சுக்குப் போவோம். 'ஐ ஸீ ஹிம்'ல ஹிம் கடைசில வருதா, அப்போ ஃப்ரெஞ்ச்லயும் கடைசில போடு. மேம் சாக்பீஸை வெச்சுட்டு, "ஏம்ப்பா சுத்தி வளைச்சு போறீங்க, உங்க அம்மா பேசற தமிழ்லயே சொல்லிப் பாருங்க"ன்னாங்க. நான் அவனைப் பாக்கறேன். இதுல அவனை எங்க இருக்கு, பாக்கறேனுக்கு முன்னாடி. ஃப்ரெஞ்ச்லயும் அதே தான், ஜெ லெ வுவா. ஜெ நான், லெ அவனை, வுவா பாக்கறேன். தமிழ்ல சொல்ற வரிசையிலயே விழுது. கிளாஸே அமைதியாயிடுச்சு.

அடுத்த நாள் பாடம் தான் முக்கியம். நான் அவனைப் பாக்கப் போறேன். இதுல ரெண்டு வினை இருக்கு, பாக்க, போறேன். அவனை யாரோட ஒட்டி நிக்குது? பாக்கவோட தான், ஏன்னா அவனைப் பாக்கறது தான் வேலை, போறது நான். ஃப்ரெஞ்ச்ல ஜெ வே லெ வுவார். வே போறேன், வுவார் பாக்க, லெ அந்த வுவாருக்கு முன்னாடி ஒட்டிக்கும். மேம் போர்டுல லெ வுவார் ரெண்டையும் ஒரே கட்டமா போட்டு, "இது ஒரு மூட்டை, பிரிக்கக் கூடாது, முன்னாடி என்ன வினை வேணா மாத்திக்கோங்க"ன்னாங்க. ஜெ வோ லெ வுவார், பாக்கணும்னு இருக்கு. ஜெ பே லெ வுவார், பாக்க முடியும். இல் ஃபோ லெ வுவார், பாத்தே ஆகணும். கன்னடத்துப் பசங்க உடனே நானு அவன்ன நோடக்கே ஹோக்தீனின்னு சொல்லிப் பாத்து நமக்கும் அதே வரிசை தான்னு சந்தோஷப்பட்டாங்க. இல்லைன்னு சொல்லணும்னா நெ, பா ரெண்டும் முதல் வினையைத் தான் சுத்திக்கும், ஜெ நெ வே பா லெ வுவார், மூட்டை அப்படியே இருக்கும்.

இதை நான் ஏன் இவ்வளவு இழுத்து எழுதறேன்னா, இந்த ஒண்ணு நாக்குல உக்காந்துட்டா அன்னாட ஃப்ரெஞ்ச்ல பெரும்பகுதி வந்துடும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல.

பழைய ஃப்ரெஞ்ச்ல, 17-ஆம் நூற்றாண்டு வரைக்கும் கூட, ஜெ லெ வோ வுவார்னு லெ முன்னாடி வினைக்குத் தாவி நிக்கறது சாதாரணமாம். இத்தாலியன்ல இன்னிக்கும் ரெண்டு விதமும் உண்டு. இப்போதைய ஃப்ரெஞ்ச்ல அப்படித் தாவறது ஃபேர் மாதிரி சில வினைக்குத் தான். ஃபேர்னா செய்ய வைக்கிறது. வண்டியை மெக்கானிக்கிட்ட விட்டு ரிப்பேர் பண்ண வைக்கிறேன்னா ஜெ லா ஃபே ரெபாரே, வண்டி அங்க பெண்பால், அதனால லா, அது ஃபேக்கு முன்னாடி. அவன் பாடறது கேக்குதுன்னாலும் அப்படித் தான்.

இன்னொண்ணு, தமிழ்ல அதைங்கறதை நாம விட்டுடுவோம். சாவி எங்கடா? டேபிள்ல வெச்சுட்டேன். எதைன்னு யாரும் கேக்க மாட்டாங்க. ஃப்ரெஞ்ச்ல அந்த அதை இல்லாம வாக்கியம் நிக்காது, ஜெ லே மீஸ் ஸுர் லா தாப்ல். லேக்குள்ள அதையும் இருக்கு, இறந்தகாலத் துணைவினையும் இருக்கு. சாவி பெண்பால், அது வினைக்கு முன்னாடியே வந்துட்டதால மீ இல்ல, மீஸ், கடைசி சத்தம் காதுல கேக்கும். புக்குனா மீயோட நின்னுடும்.

அவனைல வர்ற ஐக்கும் அவனுக்குல வர்ற குக்கும் உள்ள வித்தியாசம் நமக்கு பிறவிச் சொத்து, அதை மேம் விடாம பயன்படுத்தினாங்க. அவனை லெ, அவளை லா, அவனுக்கும் அவளுக்கும் ரெண்டுக்குமே லுய், அவங்களுக்கு லேர். அவனுக்கு போன் பண்ணப் போறேன், ஜெ வே லுய் தெலெஃபொனே, பொருத்தம். ஆனா எல்லா இடத்துலயும் தமிழ் கை குடுக்காது, அந்த நாலஞ்சு வினையைத் தனியா எழுதி வெச்சுக்கணும். அவனுக்கு உதவி பண்றோம், ஃப்ரெஞ்ச்ல அவனை, ஜெ வே லெதே. பஸ்ஸுக்கு வெயிட் பண்றோம், அங்க அதை, ஜெ லத்தான். நாம அவனைக் கேக்கறோம், அங்க அவனுக்கு, ஜெ வே லுய் தெமாந்தே.

இங்க மான்ட்ரியல் பார்க் எக்ஸ்டென்ஷன்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் புதுசா வந்தவங்களுக்கு நான் சொல்லிக் குடுக்கறேன். சென்னைக்காரங்க, யாழ்ப்பாணத்துக்காரங்க ரெண்டு பேரும் வர்றாங்க. கியூபெக்ல 1977-ல வந்த 101-ஆம் சட்டத்தால, அதாவது ஃப்ரெஞ்ச் மொழிச் சட்டத்தால, குடியேறினவங்க பிள்ளைங்க பெரும்பாலும் ஃப்ரெஞ்ச் ஸ்கூல்ல தான் படிக்கணும், அதனால பிள்ளை பேசிடுது, அம்மா தான் டீச்சர் முன்னாடி நிக்கணும். யாழ்ப்பாணத்து அக்கா ஒருத்தங்க, "தம்பி, நான் அவவோட கதைக்க வேணும், எப்பிடிச் சொல்லுறது?"ன்னு கேட்டாங்க. அவவோடன்னு தமிழ்ல இருக்கறது ஃப்ரெஞ்ச்ல அவவுக்குன்னு மாறும், பர்லேன்னா பேச, அதோட ஆ, அதாவது நம்ம கு, சேத்துத் தான் அந்த வினை போகும், அதனால ஜெ வோ லுய் பர்லே. லுய் பர்லே ஒரு மூட்டைன்னு சொன்னதும் பிடிச்சுக்கிட்டாங்க. அடுத்த வாரம், ஸ்கூல் ஆபீஸ்ல கேட்டு டைம் வாங்கிட்டு வந்தேன் தம்பின்னாங்க, அன்னிக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்ச நஞ்சம் இல்ல.

இந்த ஊர்ல குழப்பற ஒண்ணு, எனக்கு அதைக் குடுன்னா புக்குல தொன் லெ முவா. கடையில, மெட்ரோவுல காதுல விழறது தொன் முவா லெ. ஃப்ரான்ஸ்லயும் அப்படிப் பேசறவங்க இருக்காங்க, காதுக்குப் பழகிக்கோங்க, பரீட்சையில புக்கு படி எழுதுங்கன்னு சொல்லிடுவேன். குடுக்காதேன்னா திரும்ப எல்லாம் முன்னாடி, நெ மெ லெ தொன் பா.

அப்புறம் இன்னொரு வாக்கியம், கேஸ் மூட மறந்துட்டேன், ஜே ஊப்லியே தெ லெ ஃபெர்மே. தெவும் லெவும் பக்கத்துல வந்தா து ஆகும்னு முதல் மாசத்துலயே படிக்கறோம், அதனால இங்கயும் சேத்துடறாங்க. இந்த லெ அதைங்கற லெ, பேருக்கு முன்னாடி வர்ற லெ இல்ல, சேராது. பாண்டிச்சேரிக் குழந்தை கூட இதைத் தப்பா சொல்லாதுன்னு மேம் சொல்வாங்க.

இப்போ அடுத்து ஈயும் ஆனும் நடத்தணும், ஈன்னா அங்க, ஆன்னா அதுல, அங்க போறேன், அதுல ரெண்டு எடுத்துக்கறேன் மாதிரி வாக்கியம், ஜெ வே ஆன் ப்ராந்த்ர் தோ, மூட்டை கணக்கு அங்கயும் வரும். மேம் கையால எழுதி சைக்ளோஸ்டைல் போட்டு குடுத்த வாக்கியத் தாள்கள் நம்ம பேட்ச்ல யார்கிட்டயாவது இருந்தா, குறிப்பா மார்க்கெட் வாக்கியம் இருக்கற அந்தத் தாளு, போட்டோ எடுத்து சங்க குரூப்ல போடுங்க. ரஸ்ஸல் மார்க்கெட்ல வெங்காயம் பேரம் பேசற மாதிரி ஆன் வெச்சு எழுதியிருப்பாங்க, அந்த வரிசை எனக்கு முழுசா வரல, அடுத்த மாசத்துக்குள்ள கிடைச்சா இங்க எல்லாருக்கும் ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துடுவேன்.